மலையக வீடுகளில் இணையம் மந்தமாகவோ விட்டுவிட்டோ வரும்போது: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கங்களில் உறவினர் வீடுகளிலும் அயலவர் வீடுகளிலும் இணையப் பழுது பார்த்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். போன வீடுகளில் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் கண்டேன். பழுது எங்கே இருக்கிறது என்று அறிவதற்கு முன்பே பணம் செலவாகியிருந்தது. முதலில் பெரிய பெக்கேஜ், பிறகு புதிய ரவுட்டர், அதன் பிறகு கூரையில் ஓர் ஆன்டெனா என்று மூன்றையும் வாங்கிய பின்னரும் பிள்ளையின் இணைய வகுப்பு பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படி தேவையா என்பதைச் சொல்லிவிடும்.

1. தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சிறிய கொப்பி, பேனை, கைத்தொலைபேசி ஆகிய மூன்றும் போதும். மடிக்கணினி இருந்தால் ஒரு லேன் வயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் உள் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று இருக்கும். அந்தத் தாள் ஈரத்தில் உரிந்துவிடக் கூடியது என்பதால் அதை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சிம் பெரும்பாலும் கொழும்பில் வேலை செய்யும் மகனின் அல்லது தம்பியின் பெயரில் இருக்கும். முறைப்பாடு செய்ய அழைக்கும்போது அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். அது கையில் இல்லாமல் பத்து நிமிடம் காத்திருந்து வெறுமனே அழைப்பை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெக்கேஜுக்குச் சொல்லப்பட்ட வேகம் எவ்வளவு என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுவது. தொலைபேசியில் ஒரு கோப்பை இறக்கும்போது தெரியும் வேகமோ பெரும்பாலும் மெகாபைட்டில் இருக்கும். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட் என்பதால், 16 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 2 மெகாபைட் இறங்கினால் அது பழுதே அல்ல.

2. ஐந்து நாள் அளந்து எழுதுங்கள்

ரவுட்டருக்கு ஒரு மீற்றர் தூரத்தில் நின்று, வீட்டிலுள்ள மற்ற எல்லாத் தொலைபேசிகளிலும் வைஃபையை அணைத்துவிட்டு, ஏதேனும் ஒரு வேகச் சோதனைச் செயலியை ஓட்டுங்கள். காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8 மணி என்று ஒரு நாளைக்கு மூன்று முறை அளந்தால் போதும். ஒவ்வொரு முறையும் இறக்க வேகம் (டவுன்லோட்), ஏற்ற வேகம் (அப்லோட்), பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஆகிய மூன்று எண்களையும் எழுதுங்கள். பக்கத்தில் மழையா, வெயிலா, கரண்ட் போய் வந்ததா என்று ஒரு சொல் குறியுங்கள்.

ஐந்து நாள் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பழுதின் இயல்பு அது எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் தெரிகிறது. காலையில் நன்றாகவும் இரவில் மட்டும் மோசமாகவும் இருந்தால், டவரில் ஒரே நேரத்தில் பலர் இணைந்திருப்பதால் ஏற்படும் நெரிசல் அது. மூன்று வேளையும் ஒரே அளவில் மோசம் என்றால் சிக்னல் குறைவு. மழை நாளில் மட்டும் விழுந்தால், கம்பி இணைப்பில் எங்கோ நீர் இறங்குகிறது அல்லது உங்கள் டவரை மற்ற டவர்களோடு இணைக்கும் தொடர்பு பலவீனமடைகிறது. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் மந்தமானால், டேட்டா தீர்ந்த பிறகு நிறுவனம் வேகத்தைக் குறைத்திருக்கிறது.

ஏற்ற வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையின் முகமும் குரலும் ஆசிரியருக்குப் போய்ச் சேர்வது அந்த வேகத்தில்தான். ஒரு பிள்ளையின் வீடியோ வகுப்புக்கு இரு திசையிலும் சீராக 2 மெகாபிட் கிடைத்தால் போதும். ஆகவே 20 மெகாபிட் இறங்கி 0.3 மெகாபிட் ஏறும் வீட்டில் வகுப்பு தடைப்படும், 4 மெகாபிட் இறங்கி 3 மெகாபிட் ஏறும் வீட்டில் தடையின்றி நடக்கும்.

3. பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிரித்தறியுங்கள்

மடிக்கணினியை லேன் வயரால் ரவுட்டரோடு இணைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். வயரில் நல்ல வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் வந்தால் பழுது உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் நேரே 6ஆம் படிக்குப் போகலாம். இரண்டிலும் ஒரே அளவு மோசம் என்றால் பழுது ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது.

மடிக்கணினி இல்லாதவர்கள் பிங் செயலி ஒன்றைத் தொலைபேசியில் போட்டு, முதலில் ரவுட்டரின் உள் முகவரிக்கும் பிறகு வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஐம்பது முறை சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். முதலாவதில் ஒன்றும் தொலையாமல் இரண்டாவதில் தொலைந்தால் வைஃபையில் குற்றமில்லை. முதலாவதிலேயே தொலைந்தால், நிறுவனத்தை அழைப்பதற்கு முன் ரவுட்டரையும் அது இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

4. போர்ஜி (4G) ரவுட்டரை வைக்கும் இடம்

மலையகத்தில் மிகப் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் சிம் போட்ட போர்ஜி ரவுட்டர்களே. அவற்றின் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியில் தீர்ந்துவிட்டதை நான் கண்டிருப்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

உலாவியில் ரவுட்டரின் முகவரியை இட்டு உள்ளே போனால், சாதனத் தகவல் அல்லது சிக்னல் என்ற பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர். என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது டவரிலிருந்து வரும் சிக்னலின் பலம். அது கழித்தல் குறியோடு இருக்கும். பூச்சியத்துக்குக் கிட்டக்கிட்ட நல்லது. −90ஐ விட மேலாக இருந்தால் நன்று, −100 அளவில் இருந்தால் சமாளிக்கலாம், −110ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கும். இரண்டாவது, அந்தச் சிக்னல் இரைச்சலிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்பதைக் காட்டும் எண். அது 13க்கு மேல் இருந்தால் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் மிக மோசம். முன்பக்கத்தில் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அவை பலத்தை மட்டும் காட்டுகின்றன, தெளிவைக் காட்டுவதில்லை.

ஒரு லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு ஒன்றில், கண்டதைச் சொல்கிறேன். முன்னறையில் இருந்த ஒரேயொரு ப்ளக் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் ரவுட்டரும் அங்கேயே, விநாயகர் படத்துக்குப் பின்னால், தூசி படாதிருக்க ஒரு பின்னல் துணி போர்த்தப்பட்டு இருந்தது. பின்புறம் கருங்கல் சுவர், மேலே தகரம். தொட்டுப் பார்த்தபோது ரவுட்டர் சுட்டது. அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி. −113. ஒரு நீட்டிப்பு வயரை வாங்கி இஸ்தோப்பு (முன் திண்ணை) பக்க ஜன்னலின் மரச்சட்டத்தில் வைத்துத் துணியையும் எடுத்தபோது −98. அந்த 15 புள்ளி வித்தியாசம் ஏறத்தாழ 30 மடங்கு பலத்துக்குச் சமம். அந்த வீட்டில் அதற்கு மேல் எதுவும் வாங்கத் தேவைப்படவில்லை.

தகரமும் கருங்கல்லும்தான் நம் வீடுகளில் சிக்னலின் பெரிய தடைகள். தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கூரைக்கு அண்மையில் உயரமாக வைத்தால் நல்லது என்று அலுமாரியின் மேல் வைப்பவர்கள் உண்மையில் தகரத்தின் நிழலுக்குள் வைக்கிறார்கள். ஜன்னல் மட்டமே சிறந்தது. வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் ரவுட்டரை வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதுங்கள். வைத்தவுடன் பார்க்கும் எண் நிலைகொள்ளாது. இரண்டு ஜன்னல்களில் பலம் ஒத்திருந்தால் எஸ்.ஐ.என்.ஆர். கூடிய ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

மிக அண்மையிலுள்ள டவரே சிறந்தது என்று எண்ண வேண்டாம். அது உங்கள் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தால், பள்ளத்தாக்குக்கு அப்பால் எதிர்மலையில் நான்கைந்து கிலோமீற்றர் தள்ளி, கண்ணுக்கு நேரே தெரியும் டவர் அதைவிட மேலானது. தேயிலை மலைக்கு மேல் இரவில் தெரியும் சிவப்பு விளக்குகளை ஒரு முறை எண்ணிப் பார்த்து, அவை எந்த ஜன்னலுக்கு நேரே இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

பனிமூட்டத்தால்தான் இணையம் விழுகிறது என்று இங்கே பரவலாகச் சொல்வார்கள். போர்ஜி அலைகளை மூடுபனி தடுப்பதில்லை. பெருமழையோ, டவர்களுக்கிடையே செல்லும் உயர் அதிர்வெண் மைக்ரோவேவ் தொடர்பை உண்மையிலேயே பலவீனப்படுத்தும். வீட்டுக்கும் டவருக்கும் நடுவே நனைந்து நிற்கும் மரங்களும் ஓரளவு சிக்னலைக் குடிக்கும். ஆகவே பனியும் மழையும் சேர்ந்து வரும் நாளில் கொப்பியில் மழையைக் குறியுங்கள்.

5. வெளி ஆன்டெனா எப்போது தேவை

எந்த ஜன்னலிலும் ஆர்.எஸ்.ஆர்.பி. −105ஐ விட மேலாக வரவில்லை என்றால் மட்டுமே ஆன்டெனாவைப் பற்றி யோசியுங்கள். இரவு 8 மணிக்கு மட்டும் வரும் நெரிசலை ஆன்டெனா தானாகத் தீர்க்காது. டவரில் இடமில்லாதபோது சிக்னலைக் கூட்டுவதால் அதிகப் பயன் இல்லை. நெரிசல் குறைந்த இன்னொரு டவரை நோக்கித் திருப்ப முடிந்தால் மட்டுமே பலன் உண்டு.

வாங்குவதற்கு முன் ரவுட்டரின் பின்புறம் வெளி ஆன்டெனாவுக்கு இரண்டு துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். இரண்டு வயர் உள்ள ஆன்டெனாவையே வாங்க வேண்டும். போர்ஜி இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவை அனுப்புவதால், ஒற்றை வயர் ஆன்டெனாவில் ஒரு பாதை வீணாகும். வைஃபை ஆன்டெனாவின் முனையும் போர்ஜி ஆன்டெனாவின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நடுவே உள்ள ஊசி மாறியிருக்கும். கடைக்கு ரவுட்டரையே எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

வயர் நீளக்கூடாது. மலிவான மெல்லிய வயரில் 10 மீற்றர் ஓடினால் ஆன்டெனா தந்த பலத்தில் பெரும்பகுதி வயரிலேயே போய்விடும். 5 மீற்றருக்குள் முடியுமாறு ரவுட்டரின் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வெளியே உள்ள இணைப்புகளை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். நம் காற்றின் ஈரத்தில் திறந்து கிடக்கும் பித்தளை முனை விரைவிலேயே பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஆன்டெனாவைத் திருப்புபவர் ஒருவராகவும் உள்ளே எண்ணை வாசித்துச் சொல்பவர் ஒருவராகவும் இருவர் சேர்ந்து செய்யுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

நனைந்த தகரத்தில் எக்காரணம் கொண்டும் ஏறாதீர்கள். கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் நட வேண்டாம். சிக்னல் பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகளையும் வாங்க வேண்டாம். வானொலி அலை பரப்பும் கருவிகளுக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், அதோடு தரமற்ற பெட்டி ஒன்று அந்த லயன் முழுவதன் சிக்னலையும் கெடுத்துவிடும்.

6. வீட்டுக்குள் வைஃபை

ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு பெயர்களில் வைஃபை தருமானால், ஒரே அறையில் இருப்பவர்கள் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். அது வேகமானது, ஆனால் கருங்கல் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு முதலாவதே ஏற்றது.

லயன்களில் பத்துப் பன்னிரண்டு ரவுட்டர்கள் ஒரே வரிசையில் இருப்பதால் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சனலை (வைஃபை ஓடும் அலைவரிசையை) தானியங்கி என்பதிலிருந்து 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. அடுத்த இரு வீடுகளோடும் பேசி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் மூவருக்கும் நல்லது.

7. டேட்டாவை யார் எடுக்கிறார்கள்

ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வீட்டில் நான்கு தொலைபேசிகள் இருக்க பட்டியலில் பதினொன்று இருந்தால், கடவுச்சொல் ஊர் சுற்றி வந்திருக்கிறது. பரீட்சைக் காலத்தில் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு விருந்தினர் வைஃபை என்று தனிப்பெயர் ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் வேக வரம்பு வைக்கலாம். உங்கள் கடவுச்சொல்லும் வீட்டுக்குள் இருக்கும், அந்தப் பிள்ளையின் வகுப்பும் நடக்கும்.

பெரும்பாலான தொலைபேசிகள் எடுத்த படங்களைத் தாமாகவே மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த இரவு ஏற்ற வேகம் முழுவதும் அதற்கே போய்விடும். படக் காப்பையும் செயலிப் புதுப்பிப்பையும் இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். நம் நாட்டின் பல பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக இரவு டேட்டா தரப்படுகிறது. அது பெரும்பாலும் எவரும் தொடாமலே மாத முடிவில் கழிந்துவிடுகிறது.

8. தொலைபேசிக் கம்பி அல்லது ஃபைபர் வந்த வீடுகள்

செம்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் முதலில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் இணையமும் விழத்தான் செய்யும். அந்தக் கரகரப்பையே முறைப்பாடாகச் சொல்லுங்கள், இணையம் மெதுவாக இருக்கிறது என்பதை விட அதற்கு விரைவாக ஆள் வருவார். எல்லாத் தொலைபேசிகளையும் பிரிப்பான்களையும் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் பெட்டியில் ரவுட்டரை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். அங்கே சரியாக இருந்தால் வீட்டுக்குள் ஓடும் வயரே குற்றவாளி.

ஃபைபரில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை, உடனே அழைக்க வேண்டும். சிவப்பு எரியாமல் வேகம் மட்டும் ஏறி இறங்கினால், சுவரோரம் வரும் மெல்லிய வயர் எங்கேனும் மடிந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை என்பதால் கூர்மையான மடிப்பில் ஒளி கசிந்துவிடும்.

9. கரண்டும் இடியும்

ரவுட்டர் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆகவே மாலையில் மின்னழுத்தம் குறைவது பெரிய தொல்லையல்ல. ஒரு நொடி போய் வரும் கரண்ட்தான் தொல்லை. அந்த ஒரு நொடிக்குப் பிறகு போர்ஜி ரவுட்டர் மீண்டும் டவரோடு சேர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். ஒரு சிறிய 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். (கரண்ட் போகும்போது மின் கொடுக்கும் பற்றரிப் பெட்டி) இதைத் தீர்க்கும். 37 வாட்-மணி கொள்ளளவு உள்ள ஒன்று சாதாரண ரவுட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வாங்கும்போது ரவுட்டரின் வோல்ட், அம்பியர், முனையின் நேர்மறை-எதிர்மறை அமைப்பு மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரவுட்டர் கருகக்கூடும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி நமக்குப் பழக்கமானது. முதல் முழக்கம் கேட்டதும் ப்ளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் இரண்டையும் கழற்றுங்கள். ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டுக் கம்பியை விட்டவர்களின் ரவுட்டர்கள்தான் அதிகம் எரிந்தன. இடித் தடுப்புப் ப்ளக் நல்ல பூமிக்கம்பி உள்ள வீட்டில் மட்டுமே வேலை செய்யும். பழைய லயன்களில் அந்தக் கம்பி ஒழுங்காக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

10. முறைப்பாடு செய்யும் முறை

இந்த இடத்தில்தான் கொப்பி பேசும். நான் என் சொந்த இணைப்புக்கு மூன்று முறை முறைப்பாடு செய்தும் மூன்று முறையும் பழுது இல்லை என்று மூடிவிட்டார்கள். அவர்கள் நண்பகலில் சோதித்திருக்கிறார்கள், என் இணைப்பு விழுவதோ இரவு 7 மணிக்குப் பிறகு. நான்காம் முறை ஐந்து நாள் எண்களையும் நேரத்தோடு படித்துக் காட்டி, இரவு 8 மணிக்குச் சோதிக்க வேண்டும் என்று கேட்டபோதே அந்த டவரின் நெரிசலை ஒப்புக்கொண்டார்கள்.

அழைக்கும்போது "இணையம் ஸ்லோ" என்று சொல்ல வேண்டாம். "வயரில் இணைத்து அளந்தபோது காலை 6 மணிக்கு 14 மெகாபிட், இரவு 8 மணிக்கு 0.8 மெகாபிட், ஐந்து நாளும் இப்படியே, ஆர்.எஸ்.ஆர்.பி. −96" என்று சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுமாறு சொல்வதற்கு முன்பே அதைச் செய்துவிட்டதாகவும் சொல்லிவிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பேசியவரின் பெயரையும் நாளையும் எழுதாமல் அழைப்பை வைக்காதீர்கள். அடுத்த முறை புதிதாகத் தொடங்காமல் அந்த இலக்கத்தையே தொடரச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று இலக்கங்கள் சேர்ந்தும் தீர்வு வராவிட்டால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அது அரச நிறுவனம் என்பதால் தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டு இலக்கங்களையும் கொப்பிப் பக்கங்களின் படங்களையும் இணைத்து, என்ன தீர்வு வேண்டும் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். ஒரே டவரில் தொங்கும் பத்து வீடுகள் சேர்ந்து கையொப்பமிட்டால் அதன் கனமே வேறு.

11. இணைப்பை மாற்றுவதென்று முடிவானால்

மற்றொரு நிறுவனத்தின் முன்கொடுப்பனவு சிம் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அதே ஜன்னலில் மூன்று இரவுகள் 8 மணிக்கு அளந்து பாருங்கள். நகரத்துக் கடையில் காட்டும் வேகம் உங்கள் பள்ளத்துக்குப் பொருந்தாது. பழைய ரவுட்டர் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கலாம், ஆகவே சோதனையைத் தொலைபேசியில் செய்வதே எளிது.

2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் இலங்கையில் கிடைக்கிறது. டவரே தெரியாத பள்ளங்களுக்கு அது உண்மையான மாற்று. கருவியின் விலை அதிகம், வானம் திறந்திருக்க வேண்டும், மினி யூ.பி.எஸ். அதன் மின்தேவைக்குப் போதாது. வாங்குவதற்கு முன் அதன் செயலியைத் தொலைபேசியில் போட்டு, தட்டு வைக்க எண்ணும் இடத்தில் நின்று வானத்தைச் சுற்றிக் காட்டினால், மரமும் மலையும் எவ்வளவு மறைக்கின்றன என்பதை அதுவே காட்டிவிடும்.

புதிய இணைப்பு ஒரு முழு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை வெட்ட வேண்டாம். வெட்டும்போது தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விடாமல், கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, நிலுவை இல்லை என்ற பற்றுச்சீட்டை வாங்கி அதே கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.